கடைக்கு ஒரு நம்பர்

ஆசிரியருக்கு,

ஒரு கிலோ பருப்பு வாங்கினாலும் பில் போடுமிடத்தில் 'நம்பர் சொல்லுங்க' என்கிறார்கள். வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி பத்து இலக்கத்தையும் ஒப்பிக்க வேண்டும். எண் தந்தால்தான் பில் என்று வற்புறுத்தக்கூடாது என 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்திவிட்டது. அதைச் சொன்னால் பில் போடும் பெண் பரிதாபமாகப் பார்க்கிறார். அவர் என்ன செய்வார், கம்ப்யூட்டர் கேட்கிறதே!

வீடு வாடகைக்கு விடுவதாக விளம்பரம் கொடுத்த பிறகு, நேரங்கெட்ட நேரத்து 'ஹலோ'க்கள் தாங்காமல் ஒரு பட்டன் போனும் ப்ரீபெய்டு சிம்மும் வாங்கினேன். கடை, கூரியர், விளம்பரம் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான். வங்கி, ஆதார், உறவினர்களுக்குப் பழைய எண். இரவு எட்டு மணிக்குப் பட்டன் போன் தூங்கிவிடும், அப்புறம் நானும்.

அடையாளச் சான்று கொடுத்து வாங்கிய சிம் என்பதால் இது ஒளிந்துகொள்ளும் வித்தை அல்ல. 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பே போய், பிறகு அந்த எண் வேறொருவர் கைக்கும் போகலாம். அதனால் ஓடிபி வரும் எதையும் அதில் இணைக்கவில்லை.

கடைக்காரர்கள் அந்தக் கம்ப்யூட்டரில் 'எண் வேண்டாம்' என்று ஒரு பட்டன் வைத்தால், என் ரீசார்ஜ் செலவாவது மிஞ்சும்.

ஒரு வாசகி,
மதுரை.