மைக்செட்காரன் மகளுக்கு

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உனக்கும் எனக்கும் "சாப்பிட்டியா, சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டிப் பேச்சு ஓடுவதில்லை. நீ கேட்டதும் அதில் அடங்குகிற விஷயம் இல்லை.

நாடகம் எழுதினவர்கள், நடித்தவர்கள், வாத்தியம் வாசித்தவர்கள் எல்லாரையும் நேரில் பார்த்து, அவர்கள் எப்படித் தொழில் செய்தார்கள், எப்படிப் பிழைத்தார்கள் என்று எழுதப்போகிறாய். ரொம்பச் சந்தோஷம். நீ அனுப்பிய கேள்விகளை உன் அம்மாவை உரக்கப் படிக்கச் சொன்னேன். 22 கேள்வி. முதல் கேள்வியே, "உங்கள் கலைப் பயணம் எங்கே தொடங்கியது?" அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். "பஸ் ஸ்டாண்டுலன்னு சொல்லுவாங்க" என்றாள்.

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள், ஆனால் அதுதான் சரி, ஊர் ஊராகப் பஸ் ஏறுகிற பிழைப்புதானே. அப்பா மைக்செட் தூக்கிக்கொண்டு அலைந்தது ஏறக்குறைய 30 வருஷம். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் செய்தேன். பாதிக்கு மேல் கோயில் கொடைக்கு நடக்கிற ஸ்பெஷல் நாடகம்தான். உன்னோடு படிக்கிற பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாமல் இருக்கலாம், நீதான் சொல்ல வேண்டும். அதற்குக் கம்பெனி கிடையாது, டைரக்டர் கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் என்கிற கதாநாயகன் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி காரைக்குடியிலிருந்து, பபூன் என்கிற கோமாளி திண்டுக்கல்லிலிருந்து. ஊர்க்காரர்கள் ஆள் ஆளாகப் பேசி முன்பணம் கொடுத்து வரவழைத்தவர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கொட்டகைக்குப் பின்னால் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். "வணக்கம்ணே, உங்களுக்கு எத்தனை கட்டை?" எந்தச் சுருதியில் பாடுவீர்கள் என்று அர்த்தம். அவ்வளவுதான் ஒத்திகை. பத்து மணிக்கு ஆர்மோனியம் தொடங்கினால் விடிகிற நேரத்துக்கு வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம் முடிந்திருக்கும். எல்லாருக்கும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின நாடகப் பாட்டு மனப்பாடம் என்பதால்தான் இது முடிகிறது.

முதலில் வருகிறவனும் கடைசியில் போகிறவனும் மைக்செட்காரன்தான். அதனால் ஒப்பனை போடுகிற நேரத்துப் பேச்சு, விடிந்து முகத்தைத் துடைக்கிற நேரத்துப் பேச்சு இரண்டும் என் காதில் விழும். கலையைப் பற்றி அவர்கள் பேசிக் கேட்டது குறைவு. தேதியைப் பற்றித்தான் பேசுவார்கள். பங்குனியில் எத்தனை நாள் ஒத்துக்கொண்டிருக்கிறாய், சித்திரையில் எத்தனை, ஒரே நாளில் இரண்டு ஊர் கேட்டால் யாரைக் கைகாட்டிவிட்டாய். மழைக்காலம் வந்தால் மேடை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கடன் வாங்கி, பங்குனியில் அடைப்பார்கள். மேடையில் ஆறு வரிசை முத்துமாலையோடு நிற்கிற ராணியின் சொந்தத் தோடு அடகுக்கடையில் இருக்கும்.

அதனால் தாயி, கேள்விப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, "பழைய டைரி இருக்கா?" என்று கேள். அநேகம் பேர் வைத்திருப்பார்கள். எந்தத் தேதி, எந்த ஊர், என்ன நாடகம், கூட யார், முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். மழை பெய்து நின்றுபோன நாளுக்கு நேராகக் குறுக்குக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டின்மேல் விரல் வைத்து "இந்த அன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பார். நீ அப்புறம் வாயே திறக்க வேண்டியதில்லை.

பெண்களிடம் பேசும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துப் பேசு. எனக்குத் தெரிந்த ஒரு ஸ்திரீபார்ட் அம்மா, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தன் தொழிலைத் தையல் என்று எழுதிக்கொடுத்தார். வீடு வாடகைக்குப் பார்க்கும்போதும் தையல்தான். விடிகாலையில் வேனில் வந்து இறங்கும்போது தெருமுனையிலேயே இறங்கி, முக்காடு போட்டு நடந்து வருவார். மேடையில் 2000 பேருக்கு முன்னால் நாரதரைக் கேள்வி கேட்டு மடக்குகிறவர். "கூத்தாடி" என்ற ஒரு சொல்லுக்குத்தான் அவ்வளவு பயம். இப்படிப்பட்டவர்களிடம் பெயரைப் போடலாமா, படத்தைப் போடலாமா என்று முதலிலேயே கேட்டுவிடு. வேண்டாம் என்றால் எதனால் என்று துருவாதே. கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டும் வைத்துக் கம்பெனி நடத்தினார், அவர் நாடகம் பார்க்க ஸ்பெஷல் ரயிலே விட்டார்கள். கடைசியில் இந்த மதுரையில்தான் வறுமையில் செத்துப்போனார் என்பார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்க அன்றைக்கு ஆள் இல்லை.

நாடகம் எழுதினவர்களுக்குத் தனிப் பட்டியல் போட்டு, அவர்களுக்கு மட்டும் கனமான கேள்விகளாக வைத்திருக்கிறாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்களுக்கும் வயிறு ஒன்றுதான். நீ படிக்கிற இடத்துக்கே யார் பெயரை வைத்திருக்கிறார்கள்? அந்தச் சங்கரதாஸ் சுவாமிகள் முதலில் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினவர். அப்புறம்தான் நாடகத்துக்கு வந்து, ராஜபார்ட் இல்லை, எமன், சனீசுவரன் மாதிரி வேஷங்கள் கட்டினார். 1918இல் மதுரையில் பையன்களை வைத்துச் சபை தொடங்கினபோது அவருக்கு வயது 50 தாண்டிவிட்டது. பையன்களுக்கு நாடகம் வேண்டும் என்று ஒரே ராத்திரியில் அபிமன்யு கதையை உட்கார்ந்து எழுதி முடித்தார் என்று சொல்வதை எல்லாரும் தெய்வீகம் என்கிறார்கள். நான் மைக்செட்காரன், எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. அத்தனை பையன்களுக்குக் காலையில் சோறு போட வேண்டும், அடுத்த ஊரில் புது நாடகம் இல்லாவிட்டால் வசூல் இல்லை. அவசரம்தான் எழுத வைத்திருக்கும். இப்படி நினைத்தால் அவர்மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது. கடைசியில் பாரிசவாயு வந்து பேச்சே போய்விட்டது. அத்தனை பேருக்கு வசனம் சொல்லிக்கொடுத்த வாய். 1922 நவம்பர் 13இல் உங்கள் புதுச்சேரியில்தான் இறந்தார். கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது. காலாப்பட்டிலிருந்து டவுனுக்குப் போகிற வழியில் ஒருநாள் இறங்கிப் பார்த்துவிட்டு வா. அப்பாவுக்காக ஒரு சூடம்.

அதே காலத்தில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார். 1891இல் சுகுண விலாச சபை தொடங்கினவர், வக்கீல், அப்புறம் நீதிபதி, 90க்கு மேல் நாடகம் எழுதினவர். சம்பளத்துக்காக நடிப்பதில்லை என்பதுதான் அந்தச் சபையில் கௌரவம். அவரை யாரும் கூத்தாடி என்று சொல்ல முடியாது, பகலில் கோர்ட்டில் நாற்காலி இருந்ததே! குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு நீ பார்க்கப்போகிற ஆட்களிலும் இந்த இரண்டு வகையும் இருக்கும். பாங்கியிலோ காலேஜிலோ வேலை பார்த்துக்கொண்டு சாயங்காலம் நாடகம் போட்டவர்கள் ஒரு பக்கம், நாடகத்தையே நம்பி அடுப்பு எரித்தவர்கள் இன்னொரு பக்கம். இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால் ஒருத்தருக்குப் பொருந்தாது.

கோமல் சுவாமிநாதன் சுபமங்களா பத்திரிகை நடத்தினபோது மாதாமாதம் நேர்காணல் பக்கம் பக்கமாக வரும். 91லிருந்து அவர் 95இல் இறக்கிறவரை. டீக்கடையில் கிடக்கும், நான் படிப்பேன். பாதி எனக்குப் புரியாது, ஆனாலும் கீழே வைக்க மனசு வராது. கோமலே சேவா ஸ்டேஜ் என்ற நாடகக் குழுவுக்கு நாடகம் எழுதித் தொழில் தொடங்கினவர், அப்புறம் சொந்தமாகக் குழு நடத்தினவர். ஹால் வாடகைக்கு அலைந்தவனுக்கு, அலைந்தவனிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். உனக்கு அந்த அனுபவம் இல்லை. அதனால் போகும்போது ஒரு கை வேலை செய்துகொண்டே பேசு. படுதா கட்டுகிறார்களா, ஒரு முனையைப் பிடி.

சட்டம் பற்றியும் கேள். 1954இல் ஒரு நாடகச் சட்டம் வந்தது, எம். ஆர். ராதா போட்ட ராமாயண நாடகத்தை நிறுத்தத்தான் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள். நாடகத்தை முன்கூட்டியே போலீஸில் காட்டி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. எழுதியே வைக்காத பபூன் பேச்சுக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவது? பரீக்‌ஷா நாடகக் குழு நடத்தின ஞாநி வழக்குப் போட்டு, 2013இல்தான் அந்தச் சட்டத்தின் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

ஆனால் ஸ்பெஷல் நாடகத்தை அசைத்தது அது இல்லை, என்னுடைய ஸ்பீக்கர் பற்றிய விதிதான். 2000இல் ஒலி மாசு விதிகள் வந்தன. ராத்திரி 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா என்றால் அரசு பார்த்து 12 மணி வரை விடலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்குள். 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திவிட்டது. நான் அந்த விதியைத் திட்டமாட்டேன். என் குழாய் ஸ்பீக்கரைப் பனைமரத்தில் கட்டினால் அடுத்த ஊரில் கைக்குழந்தை முழித்துக்கொள்ளும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அழும். நீயே அழுதிருக்கிறாய். ஆனால் பத்து மணிக்குத் தொடங்குகிற நாடகத்தைப் பத்து மணிக்கு முடி என்றால் எங்கே போவது? அனுமதிக்காகக் கமிட்டிக்காரர்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்பார்கள், நானும் கூட நிற்பேன். கிடைக்கிற இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எதைச் செய்ய? பபூன், டான்ஸை எடுத்தால் இளவட்டங்கள் எழுந்து போய்விடும். அதனால் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கத்தில் கை வைத்தார்கள். அந்தத் தர்க்கம்தான் அசல் சரக்கு. ஒருத்தர் புராணத்திலிருந்து ஒரு முடிச்சைப் போட, மற்றவர் மேடையிலேயே யோசித்து அவிழ்க்க, ராத்திரி மூணு மணிக்குக் கிழவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்காருவார்கள். எல்லாரிடமும் இதை ஒரு கேள்வியாக வைத்துக்கொள்: நேரம் குறைந்தபோது முதலில் எதை விட்டீர்கள்?

இப்போது உனக்கு அனுப்பியிருக்கிற கேசட் விஷயம்.

30 வருஷம் என் கையில் மைக் இருந்தது. எல்லாச் சத்தத்தையும் பெரிசாக்கினேன், ஒன்றையும் பிடித்து வைக்கவில்லை. ஆம்ப்ளிஃபையரோடு டேப் ரெக்கார்டரும் இருந்தது, சினிமாப் பாட்டுப் போட. புதுக் கேசட் வாங்கக் கஞ்சத்தனம். ஒரே ஒரு தடவை, மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம், நீ அப்போது ஒண்ணாங் கிளாஸ். நாடகம் முடிந்து முதல் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பின்பாட்டுக்காரர், அதாவது ஆர்மோனியம், 70 வயது இருக்கும், என் பெட்டிமேல் வந்து உட்கார்ந்தார். "இவ்வளவு பெட்டி வச்சிருக்கியே தம்பி, ஒருநாளாவது எங்கள எல்லாம் பிடிச்சு வச்சியா?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. கையில் கிடைத்த பக்திப் பாட்டுக் கேசட்டைப் போட்டு, அதன்மேலேயே பதிவு பண்ணினேன்.

நான் கேட்டது ஒரே கேள்வி. "ஆர்மோனியம் எப்பய்யா கத்துக்கிட்டீங்க?" அவர், "தொண்டை போன அன்னைக்கு" என்றார். ஏழு வயதில் அவர் அப்பா பையன்கள் கம்பெனி ஒன்றில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். சம்பளம் அப்பா கைக்கு, இவருக்குச் சாப்பாடும் இரண்டு துணியும். பெண் வேஷம், நல்ல குரல், பேர் வாங்கிவிட்டார். பதினாலு வயதில் ஒரு ராத்திரி, பாட்டு நடுவில் மகரக்கட்டு உடைந்து குரல் இரண்டாகப் பிளந்திருக்கிறது. சனம் சிரித்தது. மறுநாள் அவர் சேலையை இன்னொரு பையன் கட்டிக்கொண்டான். ஊருக்குப் போனால் அப்பா அடிப்பார். கம்பெனி ஆர்மோனியக்காரருக்குக் கால் பிடித்துவிட்டு, வெற்றிலை மடித்துக் கொடுத்து, அங்கேயே ஒட்டிக்கொண்டார். இதையெல்லாம் அழாமல்தான் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் அந்தப் பழைய பாட்டை உடைந்த குரலிலேயே பாடிக் காட்டுவார், கேள்.

பஸ் ஹாரன் கேட்டதும் எழுந்துவிட்டார். "எங்க, போட்டுக் காட்டு, என் குரல் எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றார். "அடுத்த தடவை போடுறேன்யா" என்றேன். கேசட்டைப் பின்னுக்குச் சுற்ற இரண்டு நிமிஷம் ஆகும், பஸ் நிற்காது. அந்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார்.

அதனால் நீ யாரிடம் பதிவு பண்ணினாலும் கிளம்புவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் அவர்களுக்கே போட்டுக் காட்டிவிட்டு வா. உன் போனில் சுற்றுகிற வேலைகூட இல்லை.

கேசட்டை முறுக்கு டப்பாவுக்குள் வைத்துக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். ஏ பக்கம். முதல் பத்து நிமிஷம் ஜெனரேட்டர் சத்தம்தான், பொறுத்துக்கொள். நாடா தளர்ந்திருக்கிறது, போடுவதற்கு முன்னால் பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்று. பழைய டேப் ரெக்கார்டர் கிடைத்தால் முதலில் வேறு கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, நாடாவைக் கடிக்கவில்லை என்று தெரிந்தபிறகு இதைப் போடு. பி பக்கத்தில் பக்திப் பாட்டு அப்படியே இருக்கிறது, அது அம்மாவுக்கு வேண்டுமாம். திருப்பி அனுப்பிவிடு.

அப்பா