புஷ்பாவுக்கு, நாகர்கோவிலிலிருந்து

நாகர்கோவில்
9.11.2025

அன்புள்ள புஷ்பா,

உன் கடிதம் வந்து வெகு நாளாயிற்று. நீ கோபமாக இருப்பதாக உன் அக்கா சொன்னார். கோபப்பட்டுக்கொள், ஆனால் முதலில் இதைப் படி. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் மூட்டுவலி மழையோடு கூடியிருக்கிறது. பெரியவன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. லண்டன் போயும் உன் கையெழுத்து திருந்தவில்லை. லேபில் சாயப் பாட்டிலுக்கு லேபிள் எழுதும் வேலையை மேரி டீச்சர் கடைசிவரை உன்னிடம் தராதது சரிதான்.

ஷீபா எங்கள் லேப் வேலையை விட்டுப் போய்விட்டாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

விடுமுறைக்கு வந்தபோது, "இந்தப் பெண்ணை என்னோடு அனுப்பிவிடு" என்று கேட்டாயே, அதே ஷீபா. ஊசி பயாப்சியில் வரும் மார்பகத் திசு நூல் கனம்தான் இருக்கும் என்பது உனக்குத் தெரியாததா? திசு பதித்த மெழுகுப் பிளாக்கை ஒரு சுற்று அதிகம் சீவிவிட்டால் திசு குப்பைக்குப் போய்விடும். அந்த நோயாளியைத்தான் திரும்பக் கூப்பிட்டு மறுபடி ஊசி போட வேண்டும். ஷீபா பிளாக்கைப் பனிக்கட்டியிலிருந்து எடுத்து, திசு சீவும் மைக்ரோடோமில் பூட்டி, குனிந்து அதன்மேல் மூச்சுக்காற்று பட வைத்து, சக்கரத்தைத் தயங்காமல் ஒரே சீராகத் திருப்புவாள். மூன்று மைக்ரானில் ரிப்பன் சுருளாமல் இறங்கும். வெந்நீர்த் தொட்டியில் மிதக்கும்போது சிறு மடிப்பு தெரிந்தால்கூட, ஊசி முனையால் நீவிவிட்டுத்தான் ஸ்லைடில் ஏற்றுவாள். அறுவை சிகிச்சை மேசையில் நோயாளியை வைத்துக்கொண்டு திசுவை உறைய வைத்து உடனே பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷன் முடிவுக்குக் காத்திருக்க வேண்டிய டாக்டர், முந்தின நாளே போன் செய்து "ஷீபா வருவாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் கேஸைப் போடுவார்.

அவள் வாங்கிய சம்பளம் 16,500 ரூபாய். அனுபவம் பதினோரு ஆண்டு. போன ஜூனில் படிப்பை முடித்துவிட்டு வந்த பையனுக்கு 11,000. பதினோரு ஆண்டு அவள் கற்றதற்கெல்லாம் சேர்த்து இவர்கள் போட்ட விலை 5,500 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 500. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை, புஷ்பா.

அவள் வீடு குழித்துறை ரயில் நிலையத்தை ஒட்டித்தான். அங்கே ஒரு பக்கம் ரயிலேறினால் நாகர்கோவில், மறுபக்கம் ஏறினால் திருவனந்தபுரம். அந்தப் பக்கம் 26,000 தருகிறார்கள். அவள் விலகல் கடிதம் கொடுத்த பிறகு எங்கள் முதலாளி கூப்பிட்டு ஆயிரம் ரூபாய் கூட்டித் தருவதாகச் சொன்னாராம். அவள் பேசாமல் எழுந்து வந்துவிட்டாள். "போய் வா மக்களே" என்று சொல்லி அனுப்பினேன். வேறு என்ன சொல்ல முடியும்?

உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அங்கே அரசு மருத்துவமனைகளில் சம்பளப் படியைப் பேண்டு என்கிறீர்கள். 2025-26 கணக்குப்படி ஐந்தாம் பேண்டில் சேர்பவருக்கு ஆண்டுக்கு 31,049 பவுண்டு, இரண்டு ஆண்டு முடிந்தால் 33,487, நான்கு முடிந்தால் 37,796. தன் துறைக்கான சிறப்புச் சான்றிதழைப் பெற்றவர் ஆறாம் பேண்டு வேலைக்குப் போனால் 38,682இல் தொடங்கும். லண்டனின் உள்பகுதி என்றால் அதற்குமேல் 20 விழுக்காடு. வாடகை பாதியை விழுங்குகிறது என்று நீ புலம்பியதையும் படித்தேன். பவுண்டை ரூபாயாக்கிப் பார்த்து ஏங்குகிற வயதெல்லாம் நமக்குப் போய்விட்டது. எனக்கு ஏக்கம் தருவது அந்தப் படிகள்தான். அடுத்த படி எது, அதில் ஏற எதைக் கற்க வேண்டும், ஏறினால் என்ன கிடைக்கும் என்பது சேருகிற நாளிலேயே எழுத்தில் இருக்கிறது.

அது வெளிநாட்டில்தான் நடக்கும் என்றும் சொல்ல முடியாது. ரயில்வேக்குப் போன நம் லீலாவைப் பார். லேப் சூப்பரின்டென்டன்ட் வேலை, ஆறாம் நிலை. தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400. அடுத்த ஆண்டு 36,500, அதற்கடுத்து 37,600. அகவிலைப்படி தனி. யாரிடமும் போய் நிற்காமலே ஏறுகிறது. இதே துறையில் இங்கே அரசு ஒப்பந்த வேலை விளம்பரம் 13,000 என்று வருகிறது. அதற்கும் வரிசையில் நிற்கிறார்கள்.

எங்கள் முதலாளியிடம் போன வாரம் நேராகவே பேசினேன். சென்னையில் வாங்குகிற கட்டணத்தை நாகர்கோவிலில் வாங்க முடியாது என்கிறார். உண்மைதான். ரப்பர் பால் வெட்டுகிறவரும் கடலுக்குப் போகிறவரும்தான் நம்மிடம் வருகிறார்கள். ஆனால் கேஸ் அனுப்புகிறவர்களுக்கென்று வெளியே போகும் பங்கில் இதுவரை ஒரு ரூபாய் குறைந்ததில்லை. சிக்கனம் என்றதும் கை வைப்பது எங்கள் சம்பளத்தில் மட்டும்தான். கெமிஸ்ட்ரி பிரிவில் புது அனலைசர் வந்துவிட்டது. பார்கோடு ஒட்டிய டியூபை வைத்தால் முடிவு வந்துவிடும். அங்கே புதிய பையன் சமாளித்துவிடுவான். திசுவைச் சீவி ஸ்லைடாக்கும் எங்கள் ஹிஸ்டோ பிரிவில் இன்றும் எல்லாம் கைவேலை. கை தேர்ந்தவர் போய்விட்டால் வெட்டு கனமாக விழும், பிளேடு கோடு திசுவின் குறுக்கே ஓடும், அந்த ஸ்லைடை வைத்துக்கொண்டு புற்றா இல்லையா என்று பேதாலஜிஸ்ட் தடுமாறுவார். ஒருத்தியின் மார்பகம் போகுமா, இருக்குமா என்பது அதில் இருக்கிறது. சம்பளப் பட்டியலில் மட்டும் எல்லோரும் "லேப் டெக்னீஷியன்" என்ற ஒரே வரி.

2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தபோது நாம் எவ்வளவு மகிழ்ந்தோம்! நம் துறையை அட்டவணையின் முதல் பிரிவாகவே வைத்திருக்கிறார்கள். படிப்பின் தரமும் பதிவும் அதில் வருகின்றன, சம்பளம் வரவில்லை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், நர்சுகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். தனியார் மருத்துவமனைகளில் நர்சுகளுக்குக் குறைந்தது 20,000 ரூபாய் என்று 2018இல் அறிவிக்கை வந்தது. யாரும் வீடு தேடி வந்து கொடுக்கவில்லை. நம் ஆட்கள் ஆளுக்கொரு லேபில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சிதறிக் கிடக்கிறோம். ஒருவரின் சம்பளம் இன்னொருவருக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்ல வெட்கப்படுகிறோம். முதலில் அந்த வெட்கம் போக வேண்டும்.

அக்கா மகன் இந்தப் படிப்பில் சேரலாமா என்று கேட்டிருந்தாய். சேரட்டும். ஆனால் டிப்ளமோவோடு நிறுத்த வேண்டாம், பி.எஸ்சி.யே படிக்கட்டும். மூன்றாம் ஆண்டுக்குள் ஹிஸ்டோவோ, ரத்த வங்கியோ, பி.சி.ஆரோ ஒன்றைப் பிடித்துக்கொள்ளட்டும். எல்லாம் கொஞ்சம் தெரிந்தவனை எந்த ஊரிலும் மலிவாகத்தான் எடுப்பார்கள். சேருவதற்கு முன் ஒரு சனிக்கிழமை என் அறையில் வந்து உட்காரச் சொல். ஃபார்மலின் நெடியில் கண் எரிந்தும் மாலைவரை இருந்தான் என்றால் பணம் கட்டச் சொல்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. ஹிஸ்டோவில் இருக்கும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து மனு எழுதுகிறோம். மூன்று, ஐந்து, பத்து ஆண்டு அனுபவத்துக்குத் தனித்தனி நிலை வேண்டும், ஒவ்வொரு நிலையிலும் என்னென்ன தனியாகச் செய்யத் தெரிய வேண்டும் என்பதையும் நாங்களே எழுதிக் கொடுக்கிறோம். அதற்கு ஒரு மாதிரி தேவை. உங்கள் மருத்துவமனையில் ஐந்தாம் பேண்டுக்கும் ஆறாம் பேண்டுக்கும் வேலையைப் பிரித்து எழுதியிருப்பார்களே, அதை அனுப்பு. கையால் எழுதி அனுப்பாதே, அச்சடித்ததையே படம் எடுத்து அனுப்பு. டிசம்பர் முதல் வாரம் மனுவைக் கொடுக்கிறோம். அதற்கு முன்பே எனக்குக் கிடைக்க வேண்டும்.

அன்புடன்,
ரெஜினா