விறாந்தை லைற் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். நீ வந்து நின்றபோது கிளிநொச்சியில் வாங்கிப் போட்ட, நிறுத்தியிருக்கும்போது இருட்டில் சிவப்பாகத் தெரிகிற சிவப்பு வெளிச்ச சுவிச்சுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. அம்மம்மா இரவில் எழும்பினால் இப்போது சுவரைத் தடவித் திரிவதில்லை, நேரே போய்ப் போடுகிறா. ஆனால் விறாந்தை எல்.ஈ.டி பல்ப், சுவிச்சை நிறுத்தின பிறகும் சில செக்கனுக்கு ஒருக்கால் பளிச்சென்று மின்னுகிறது. ஹோலில் உள்ளது மின்னுவதில்லை, விடியும்வரை மங்கலாக எரிந்தபடி கிடக்கிறது. அம்மம்மா விறாந்தையைப் பார்த்துவிட்டு, "வானம் மின்னுது, நெல்லை மூடுங்கோ" என்று கொம்மாவை நடுச்சாமத்தில் எழுப்பிவிட்டா.

அங்கிருந்து நல்ல பல்ப் அனுப்பவா, இல்லை வயரிங்கை முழுதாக மாற்றுவோமா என்று கேட்டாய். இரண்டும் வேண்டாம். காரணத்தைப் போனில் சொல்லத் தொடங்கினால் "சரியப்பா, அம்மாட்ட குடுங்கோ" என்பாய். அதுதான் எழுதுகிறேன்.

அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? எங்கள் வீட்டு சுவிச் பெட்டிக்குள் இரண்டே வயர்தான். ஒன்று கரண்ட் வருகிற லைவ், மற்றது பல்புக்குப் போவது. கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயர் சுவிச் பக்கமே வராமல் நேரே பல்புக்குப் போய்விடுகிறது. அதனால் சுவிச்சுக்குள் இருக்கும் சின்ன நியோன் விளக்கு, தன் கரண்டைப் பல்புக்குள்ளால்தான் இழுத்துக்கொள்கிறது. நீ சுவிச்சை நிறுத்தினாலும் அந்த வழி முழுதாக அறுவதில்லை. ஒரு மில்லி அம்பியர் அளவு, பலவற்றில் அதிலும் குறைவு, ஓடிக்கொண்டே இருக்கும்.

பழைய இழை பல்புக்கு இது ஒரு பொருட்டில்லை. 60 வாற்ஸ் பல்ப் எரிய 260 மில்லி அம்பியர் வேண்டும், ஒரு மில்லி அம்பியரை வைத்து அதன் இழை சூடாகக்கூட மாட்டாது. எல்.ஈ.டி பல்புக்குள் கரண்டைச் சேர்த்துவைக்கும் கப்பாசிற்றர் ஒன்று இருக்கிறது. இரணைமடுக் குளத்துத் துருசுக் கதவை இறுக்கிப் பூட்டினாலும் கசிகிற தண்ணீர் கீழே ஒரு கிடங்கில் சேர்ந்து, நிரம்பினதும் வழிகிற மாதிரித்தான். கசிகிற கரண்ட் கப்பாசிற்றரில் சேரும், போதிய அளவு வந்ததும் பல்ப் ஒரு தரம் எரியும், சேர்த்தது முடிந்ததும் அணையும், பிறகும் சேரத் தொடங்கும். உள்சுற்று எளிமையான மலிவு பல்ப் சிலவற்றில் சேருவது இல்லை, கசிகிறதை அப்படியே மங்கலாக எரித்துக்கொண்டிருக்கும். விறாந்தைக்கும் ஹோலுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். பேய் பிசாசு ஒன்றும் இல்லை என்று அம்மம்மாவுக்கும் சொல்லியாயிற்று.

இதை ஊகத்தில் எழுதவில்லை. விறாந்தை பல்பைக் கழற்றினேன், உடனே சுவிச்சின் சிவப்பு வெளிச்சமும் போய்விட்டது. பிறகு பழைய இழை பல்ப் ஒன்றைப் போட்டேன். சிவப்பு வெளிச்சம் வந்தது, மின்னல் இல்லை. சாதாரண சுவிச் உள்ள குசினியில் அதே எல்.ஈ.டி பல்ப் ஒரு சேட்டையும் விடவில்லை. ஆகவே பல்பும் பழுதில்லை, சுவிச்சும் பழுதில்லை, இரண்டையும் சேர்த்துக் கட்டினதுதான் பிரச்சினை.

குசினியிலும் மின்னியிருந்தால் கொஞ்சம் பயந்திருப்பேன். லைவை வெட்ட வேண்டிய சுவிச்சை நியூட்ரலில் போட்டிருந்தாலும் பல்ப் இப்படி மின்னவோ மங்கலாக எரியவோ கூடும். அப்போது சுவிச்சை நிறுத்தினாலும் ஹோல்டரில் முழுக் கரண்டும் நிற்கும், தொட்டால் அடிக்கும். ஆனால் கரண்ட் நிற்கிறதா என்று பார்க்கிற ரெஸ்ரரை வைத்து அவசரப்பட்டு முடிவு எடுக்கக்கூடாது. சிவப்பு வெளிச்ச சுவிச் என்றால், வயரிங் சரியாக இருந்தாலும் பல்ப் இல்லாத ஹோல்டரில் ரெஸ்ரர் எரியும், அந்த நியோன் வழியாக. எதுவென்றாலும் பல்ப் மாற்ற மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டுத்தான் ஏறவேண்டும் என்று கொம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

இனி என்ன செய்கிறேன் என்று கேள். விறாந்தையிலும் ஹோலிலும் இருட்டில் சுவிச் தேட யாருக்கும் வேலையில்லை. அங்கே நியோனை மட்டும் கழற்றச் சொல்லி வயரிங் பொடியனிடம் சொல்லிவிட்டேன். நியோனை உள்ளேயே சேர்த்து மூடின சுவிச்சாக இருந்தால் கழற்ற முடியாது, சாதாரண சுவிச் போடுவான். செலவு பெரிதில்லை. அம்மம்மாவின் அறைக்கும் குளியலறைக்கும் அந்தச் சிவப்பு வெளிச்சம் கட்டாயம் வேண்டும், அதில் கைவைக்க விடமாட்டேன். அங்கே பல்ப் ஹோல்டருக்குப் பக்கத்தில், சுவிச்சிலிருந்து பல்புக்கு வருகிற வயருக்கும் நியூட்ரலுக்கும் இடையில், ஒரு கப்பாசிற்றர் போட வேண்டும். கசிவு அதற்குள்ளால் போய்விடும், பல்ப் விழித்துக்கொள்ளும் அளவுக்கு வோல்ற்று ஏறாது.

என் தகரப்பெட்டி நிறைய ரேடியோவில் கழற்றின கப்பாசிற்றர் இருப்பது உனக்குத் தெரியும். அவற்றில் ஒன்றையும் போடப் போவதில்லை. தொண்ணூறுகளில் போரால் பற்றரிக்குத் தடை இருந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது வேறு கதை. அது பழுதானால் செய்தி நின்றுபோகும், அவ்வளவுதான். இது லைற் எரிகிற நேரமெல்லாம் 230 வோல்ற்றில் நிற்கப் போவது, உள்ளே இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால் நெருப்பு. இந்த வேலைக்கென்றே 275 வோல்ற்று ஏசி என்று அடித்த, எக்ஸ்2 என்கிற பாதுகாப்பு வகை ஒன்று இருக்கிறது. ரெசிஸ்ரர் ஒன்றோடு சேர்த்து மூடிக்கட்டினதாகவும் விற்கிறார்கள். இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பில் சொல்லி எடுப்பேன்.

நீ சொன்ன பல்ப் பெட்டியில் 'டிம்மபிள்' என்று போட்டிருக்கிறது என்றாய். அது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு. இந்த மின்னல் வராது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. இன்னொன்று, அங்குள்ளது திருகு பல்ப் என்றால் இரண்டு முளையுள்ள பல்புக்கான எங்கள் பின் ஹோல்டருக்குள் போகவும் மாட்டாது. காசை வீணாக்காதே.

உன்னால் ஆகவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. தம்பியின் புது வீட்டுக்கு இன்னும் பூச்சு வேலை தொடங்கவில்லை. சுவர் திறந்து கிடக்கும்போதே ஒவ்வொரு சுவிச் பெட்டிக்கும் ஒரு நியூட்ரல் வயரையும் சேர்த்து இழுக்கச் சொல்லு. நியோனை லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் கட்டினால் அது பல்பை நம்பியிராமல் தன்பாட்டில் எரியும், எந்த எல்.ஈ.டி போட்டாலும் அதனால் மின்னாது. அதற்கேற்ற சுவிச்சாகப் பார்த்து வாங்கவும் வேண்டும். பூசி முடித்தபிறகு என்றால் சுவரை வெட்ட வேண்டிவரும். நான் சொன்னால் "அது பிறகு பாப்பம் அப்பா" என்கிறான். நீ இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடு. மேசன்மார் திங்கள் வருகிறார்களாம்.

அன்புடன்,
அப்பா