மார்கழியில் ஒருமுறை கரைக்கு வாருங்கள்

காரைக்குடி, திருப்பத்தூர் வட்டாரக் கண்மாய்களின் பாசன சங்கத்தாருக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும்,

வணக்கம். உங்களில் சிலருக்கு என்னை ஆடிட்டர் ஆபீஸ் பொண்ணாகத் தெரியும். காரைக்குடியில் 14 வருஷம் கடைக்கணக்கும் கோயில் கணக்கும் பார்த்தவள். அந்த வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. இப்போது சீட்டு எடுத்து வாங்கிய கேமராவோடு கண்மாய்க் கரைகளில் உட்கார்ந்திருக்கிறேன். முகூர்த்த மாதங்களில் கல்யாணப் படம் எடுத்து வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்கிறேன். மற்ற நாளெல்லாம் பறவைகள்தான்.

வேலையை விடக் காரணம் என் அப்பத்தா ஊர்க் கண்மாய். ஊர்ப் பெயர் வேண்டாம். ஐப்பசி மழையில் அது பெருகினால் நடுவே நிற்கும் கருவேல மரங்கள் நத்தைகுத்தி நாரைகளால் வெளுத்துப் போகும். ஒரு வைகாசியில் தூர்வார ஜேசிபி வந்தது. சீமைக் கருவேலத்தோடு நாட்டுக் கருவேலும் சேர்ந்து போனது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கோடையில் அந்த மரங்களில் ஒரு பறவை இருக்காது. கூடுகள் சுள்ளிக்கட்டு மாதிரி கிடக்கும், அவ்வளவுதான். அடுத்த ஐப்பசியில் தண்ணீர் வந்தது, நாரைகளும் வந்தன. இரண்டு மூன்று நாள் வட்டமடித்துவிட்டுப் போய்விட்டன.

ஊர்க் கூட்டத்தில் நான் எழுந்து, “அங்கே கூடு இருந்துச்சு” என்றேன். “எத்தனை கூடு? எந்த மரத்துல? காட்டு தாயி, பார்ப்போம்” என்றார் ஒரு பெரியவர். என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. ரசீது இல்லாத செலவைக் கணக்கில் ஏற்ற முடியாது என்று 14 வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். அவர் கேட்டது சரியான கேள்வி. அன்று ராத்திரி தூங்கவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று அதே மரத்தைப் படம் எடுக்கிறேன். தேதி, மரம் நிற்கும் இடம், கூடுகளின் எண்ணிக்கை எல்லாம் நோட்டில் ஏறும். இந்த வேலையில் அழகான படம் எப்போதாவதுதான் கிடைக்கும், அது கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் ஒரு படத்தைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும். தை மாதம், உச்சி வெயில். தாய் நாரை இரண்டு சிறகையும் விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்து நிற்கிறது. தாயின் அலகு நடுவில் இடைவெளி விட்டுப் பாக்குவெட்டி மாதிரி இருக்கிறது. குஞ்சுகளின் அலகில் அந்த இடைவெளி இல்லை, நன்றாக மூடிக்கொள்கிறது. வளர வளரத்தான் அந்த இடைவெளி விழும். அந்த அலகை வைத்துத்தான் உங்கள் வயல் நத்தைகளைப் பொறுக்கித் தின்கின்றன.

இதைக் கரையிலிருந்து நீள லென்ஸில் எடுத்தேன். கிட்டே போனால் தாய் எழும்பிவிடும், குஞ்சு வெயிலில் வாடும். 1972ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் கூட்டைத் தொந்தரவு செய்வதையே வேட்டை என்ற சொல்லுக்குள் வைத்திருக்கிறது. கேமராவோடு உங்கள் கண்மாய்க்குள் இறங்கி மரத்தடிக்குப் போகிற யாரையும் தயவுசெய்து தடுங்கள்.

நல்ல வேலையை விட்டுவிட்டாளே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மா. கிருஷ்ணன் (1912–1996) சந்தூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி எனப் பல வேலை பார்த்துவிட்டுத்தான் முழுநேரமும் காட்டுயிர்களைப் படமெடுக்கவும் அவற்றைப் பற்றி எழுதவும் வந்தார். எனக்கு அது பெரிய தைரியம்.

பக்கத்திலேயே கொள்ளுகுடிப்பட்டியும் வேட்டங்குடிப்பட்டியும் இருக்கின்றன. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாத ஊர்கள். அந்தக் கண்மாய்கள் 1977 முதல் சரணாலயம். ஆனால் அது 38.4 ஹெக்டேர்தான். அதற்கு வெளியே உள்ள நம் கண்மாய்களில் கூடு கட்டும் பறவைகளுக்கு உங்களை விட்டால் ஆளில்லை.

தூர்வார வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் பறவையே வரும். சீமைக் கருவேலத்தையும் அகற்றத்தான் வேண்டும். ஆனால் நாட்டுக் கருவேல் வேறு மரம். மஞ்சள் பஞ்சுருண்டை மாதிரிப் பூ, மணி கோத்தது போலக் காய், கறுத்து வெடித்த பட்டை. ஜேசிபி ஓட்டும் தம்பிக்கு இதை யாராவது முன்கூட்டியே காட்டிக் கொடுக்க வேண்டும். சில இடங்களில் சீமைக் கருவேலத்திலும் கூடு இருக்கும், அதையும் பார்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

நான் கேட்பது இதுதான். மார்கழியிலோ தையிலோ ஒரு காலை என்னோடு கரையில் நடந்து வாருங்கள். கூடுள்ள மரம் எது எது என்று கரையிலிருந்தே குறித்துக்கொள்வோம். பறவைகள் போன பிறகு, பங்குனி கடைசியில், அந்த மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்து அடையாளம் வைப்போம். மரம் ஏலம் விடும்போதும் மராமத்து வேலை கொடுக்கும்போதும், சுண்ணாம்பு அடித்த மரத்தைத் தொடக்கூடாது, அதைச் சுற்றியுள்ள மண்திட்டையும் தோண்டக்கூடாது என்று எழுத்தில் சேருங்கள். இதற்கு நான் ஒரு ரூபாய் கேட்கவில்லை. படங்களும் நோட்டும் உங்கள் ஊருக்கே.

ஜனவரி 26 கிராம சபைக்கு எந்த ஊர் கூப்பிட்டாலும் படங்களைப் பிரிண்ட் போட்டு எடுத்து வருகிறேன். அன்று காலை ஆறு மணிக்கே வந்து, கண்மாயின் உபரித் தண்ணீர் வழியும் கலுங்குப் பக்கம் நிற்பேன். கூட்டத்துக்கு முன்னால் ஒருவராவது வந்து லென்ஸ் வழியாக அந்தக் கூட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்குப் பொண்ணு