வேலூரில் பயிற்சி பெற்ற ரூத் ஃபாவ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏழைகளுக்குத் தொண்டு செய்த கன்னியாஸ்திரி என்றாலே நம் பத்திரிகைகள் அன்னை தெரசாவோடு நின்றுவிடுகின்றன. அவர்மீது எனக்கும் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் தொழுநோய் ஒழிப்பில் களப்பணியாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், கராச்சியில் வாழ்ந்து மறைந்த டாக்டர் ரூத் ஃபாவைப் பற்றியும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1929இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தவர். மருத்துவம் படித்தபின் துறவு சபையில் சேர்ந்தார். 1960இல் அவர் கிளம்பியது இந்தியாவுக்குத்தான். விசா சிக்கலால் வழியில் கராச்சியில் தங்க வேண்டியதாயிற்று. அங்கே தொழுநோயாளிகள் வாழ்ந்த குடிசைப் பகுதிக்குப் போனார். ஓர் இளைஞர் கையையும் காலையும் தரையில் ஊன்றித் தவழ்ந்து சிகிச்சைக்கு வந்ததைக் கண்டு கலங்கிப்போனார். அடுத்த வருடமே தொழுநோய் சிகிச்சை கற்றுக்கொள்ள எங்கள் வேலூருக்கு வந்தார். கற்றதும் கராச்சிக்கே திரும்பிவிட்டார். வேலூர்க்காரர்களிலேயே எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்த வேலை மாத்திரை கொடுப்பதோடு முடிவதில்லை. எங்கள் பகுதியில் ஒரு பாட்டியம்மா, மரத்துப்போன கையால் கொதிக்கும் சோற்றுப் பானையை இறக்கிவிட்டு, கொப்புளம் உடைந்து நீர் வழிந்த பிறகுதான் கவனித்தார். மருந்தை முழுதாகச் சாப்பிட்டு நோய் தீர்ந்த பிறகும் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், படுக்கை திண்ணையில். மகனிடம் எவ்வளவோ பேசிப் பார்த்தேன், கேட்கவில்லை. தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற விதியையே நம் நாடாளுமன்றம் 2019இல்தான் நீக்கியது.

அதனால்தான் ரூத் ஃபாவ் செய்தது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தன் மருத்துவமனையோடு நிற்காமல், உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து மலைக்கிராமங்கள் வரை சிகிச்சையைக் கொண்டுபோனார். அரசையும் பேசிச் சம்மதிக்கவைத்து, தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கச் செய்தார். பாகிஸ்தானில் நோய் கட்டுக்குள் வந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1996இல் அறிவித்தது.

அந்த நாடும் அவர் உயிரோடிருக்கும்போதே கௌரவித்தது. 1988இல் குடியுரிமை, மறு வருடம் ஹிலால்-இ-பாகிஸ்தான் விருது. 2017 ஆகஸ்ட் 10 அன்று இறந்தபோது தேசியக்கொடி போர்த்தி அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். கராச்சி சிவில் மருத்துவமனைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு ஒரு கிறிஸ்தவத் துறவிக்குச் செய்த இந்த மரியாதையை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

அவருடைய நினைவு நாளில் ஒரு கட்டுரை வெளியிடுங்கள். கூடவே ஒரு கட்டம் போட்டு இதையும் அச்சிடுங்கள்: உடம்பில் உணர்ச்சியில்லாத தேமல் தெரிந்தால் ஒளித்துவைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், மருந்து இலவசம், நோய் முழுமையாகக் குணமாகும்.

ஓய்வுபெற்ற களப்பணியாளர்,
காட்பாடி