வேலூர் என்றால் வெயில்தானா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஹவாய் எரிமலைக் கட்டுரை படித்தேன். ஹீலியம் கணக்கை நன்றாகவே சொல்லியிருந்தார்கள். லேசான ஹீலியம்-3 பூமி உருவானபோதே அடியில் மாட்டிக்கொண்டது, கனமான ஹீலியம்-4 பிறகும் கதிரியக்கத்தால் சேர்ந்துகொண்டே வருவது, ஹீலியம்-4க்கு ஹீலியம்-3 என்ன விகிதம் என்று பார்த்தால் நடுக்கடல் முகட்டுப் பாறையில் காற்றில் உள்ளதைப்போல 8 மடங்கு, ஹவாயின் கடலடி எரிமலையில் 30 மடங்கு வரை, ஆதி ஹீலியம் அதிகம், அதனால் அந்தக் குழம்பு இன்னும் ஆழத்துச் சரக்கு. சரி. முடிக்கும்போது மட்டும், நம்ம வேலூர்ப் பக்கம் வெயிலும் வெறும் பாறையும்தான், இந்த ஆராய்ச்சிக்கு இங்கே வேலையில்லை என்று ஒரு வரி. அதை யார் கேட்டார்கள்?

உங்களுக்குத் தெரியாததா, பழைய வட ஆற்காட்டில், திருப்பத்தூர் பக்கத்துச் செவ்வாத்தூரில் கார்பனடைட் கிடக்கிறது. 75-80 கோடி ஆண்டுக்கு முன் பூமியின் கவசத்திலிருந்து, அதாவது மேலோட்டுக்கு அடியிலுள்ள அடுக்கிலிருந்து, ஏறி வந்து, வெளியே கொட்டாமல் உள்ளேயே உறைந்துபோன பாறை. பார்த்தால் சுண்ணாம்புக்கல் என்றுதான் நினைப்பீர்கள். மேலோட்டுச் சரக்கா கவசச் சரக்கா என்பதை ஸ்ட்ரான்சியம், நியோடிமியம் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) வைத்துத்தான் பிரிக்கிறார்கள், உருகினாலும் உறைந்தாலும் அந்த விகிதம் லேசில் மாறாது.

என் மாமா ஊர் அது. பள்ளி லீவில் ஆராய்ச்சிக்கு வந்தவர்களுக்குக் கல் பை தூக்கியிருக்கிறேன். ஒரு சொட்டு ஆசிட் விட்டால் பாறை சோடா மாதிரி நுரைக்கும். அங்கே கிடைக்கிற, மைக்கா மாதிரி இருக்கும் வெர்மிகுலைட் சில்லை அத்தையின் அடுப்புத் தணலில் போட்டால் புழு நெளிகிற மாதிரி நீண்டு உப்பும், அதற்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. வெறும் பாறையாம்!

இது முதல் தடவையும் இல்லை. மே மாதம் வந்தால் 'வெயிலூர்', ஏலகிரி என்றால் 'ஏழைகளின் ஊட்டி'. 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமான பிறகும் உங்களுக்கு எல்லாம் 'வேலூர் அருகே'தான். கடையில் கருப்பு கிரானைட் என்று விற்பதில் பெரும்பகுதி கிரானைட்டே இல்லை, டோலரைட் என்ற வேறு எரிமலைக் குழம்புப் பாறை என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். 'உங்கள் இதழ் வளர வாழ்த்துகள்' என்ற கடைசி வரியை மட்டும் போட்டீர்கள், ரொம்ப நன்றி.

அடுத்த ஞாயிறு அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், பெட்டிச் செய்தியாக இரண்டு வரி போதும். அப்புறம் செவ்வாத்தூர் என்ற ஊர்ப் பெயரில் 'வ்' விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழைய வட ஆற்காட்டுக்காரன் ஒருவன்,
காட்பாடி.