தலையடி பட்ட எங்கட கோல்காப்பாளர் பற்றி

உறவுகளே,

அவர் எப்ப திரும்ப விளையாடுவார் என்று பலர் கேட்கிறீர்கள். தயவுசெய்து திகதி கேட்டு வீட்டாரை நெருக்க வேண்டாம். மண்டையோட்டு வெடிப்பு மாதக்கணக்கான விசயம். 2006 ஒக்டோபரில் அப்படி அடிபட்ட இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழகம் செல்சியின் கோல்காப்பாளர் பீற்றர் செக் 2007 ஜனவரியில் தலைக்கவசத்தோடு வந்தார். 2020 நவம்பரில் அடிபட்ட வுல்வ்ஸ் கழக முன்கள வீரர் ராவுல் ஹிமெனெஸ் போட்டிக்குத் திரும்ப எட்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. 2017 இல் அடிபட்ட ஹல் சிற்றி கழக வீரர் ரயன் மேசன் அடுத்த வருசமே, 26 வயதில், ஓய்வு பெற்றார். கவசம் எலும்பைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.

எலும்பு உடையாத வெறும் மூளை அதிர்ச்சி என்றாலும் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான். முதல் 24–48 மணித்தியாலம் ஓய்வு, போன் பார்ப்பதும் குறைவு. பிறகு நடை, மெல்லோட்டம், தனிப்பயிற்சி, மோதலில்லாத பயிற்சி என்று படிப்படியாக, படிக்கு ஒரு நாளாவது. தலையிடி கூடினால் ஒரு படி பின்னுக்கு. மோதல் பயிற்சிக்கு வைத்தியரின் அனுமதி கட்டாயம்.

மைதானத்தில் ஆரும் விழுந்தால் தூக்கி இருத்தாதீர்கள், தண்ணி பருக்காதீர்கள். கழுத்தும் முறிந்திருக்கலாம். தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்தபடி 1990 அம்புலன்சுக்கு அடிக்கச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் சத்தி, வலிப்பு, மூக்கால் காதால் தெளிந்த நீர், ஒரு பக்கக் கை கால் சோர்வு: ஒன்று தெரிந்தாலும் உடனே போதனா வைத்தியசாலை. உள்ளே இரத்தக்கசிவு சில மணித்தியாலம் கழித்தும் வெளிப்படும். அன்றிரவு அடிபட்டவரைத் தனிய விடவே கூடாது.

எங்கட கோல்காப்பாளர் விழுந்த வீடியோவை இங்கே போட வேண்டாம். அவரின் அம்மாவுக்கும் அது போய்ச் சேரும்.